மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரின் அமானத்



‘அரசாங்கம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுபவை கோட்டையும் சட்டமன்றமும் அமைச்சர்களும்தாம். ஆனால், சாமானியக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் அமைச்சர் எவரையும் நேரில் சந்திப்பதே அரிது. அது சந்திப்பது கிராம நிர்வாக அலுவலரை, நியாயவிலைக் கடை விற்பனையாளரை, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை, வட்டாட்சியர் அலுவலக எழுத்தரை, அரசுப் பள்ளி ஆசிரியரை. அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை இவர்களே அரசாங்கம். சென்னையிலோ தில்லியிலோ இயற்றப்படும் சட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், ஒதுக்கப்படும் நிதி எவ்வளவு பெரிதாயினும், அது மக்களை வந்தடைவது இவர்களின் கைகள் வழியாகத்தான். கை நேர்மையானதாகவும் திறமையானதாகவும் இருந்தால் திட்டம் வாழும். இல்லையேல் அது காகிதத்திலேயே உறங்கும்.

மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். காவலர், ஆசிரியர், நலத்துறைப் பணியாளர் போன்ற கடைநிலை ஊழியர்கள் அன்றாடம் எடுக்கும் சிறுசிறு முடிவுகளின் தொகுப்பே நடைமுறையில் அரசின் கொள்கையாகிறது என்பது அவருடைய முடிவு. விண்ணப்பங்களில் எதை முதலில் எடுப்பது, யாரை நாளை வரச் சொல்வது, எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வது, எதற்காகத் திருப்பி அனுப்புவது ஆகிய அனைத்தையும் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரே தீர்மானிக்கிறார்.

நம் சமுதாயத்திற்கு இது புதிய செய்தியன்று. நம் பிள்ளைகளின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முஹம்மது, முகமது, முகம்மத். முஹைதீன், மொய்தீன், மைதீன். ஃபாத்திமா, பாத்திமா, பாத்துமா. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தர் கவனக்குறைவாக எழுதும் ஓர் எழுத்து பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறாகிறது, ஆதாரில் இன்னொன்றாகிறது. இருபது ஆண்டுகள் கழித்துக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதே எழுத்து மதிலாக எழுந்து நிற்கிறது. வளைகுடாவுக்கு விசா வந்திருக்கும் இளைஞர் பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு என்று அலைகிறார். அன்று அந்த எழுத்தர் ஒரு நிமிடம் செலவிட்டு, “சரியாக எழுதியிருக்கிறேனா, பாருங்கள் பாய்” என்று கேட்டிருந்தால் இத்தனை அலைச்சலும் இல்லை. அவர் கையூட்டு வாங்கவில்லை. எவருக்கும் தீங்கு நினைக்கவுமில்லை. அக்கறையின்மை மட்டுமே ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தைத் தடுத்து நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

அதற்கடுத்த குறை, பணியிடத்தில் இல்லாமலிருப்பது. 2006ஆம் ஆண்டு பொருளியல் ஆய்வாளர்கள் குழு ஒன்று ஆறு நாடுகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் சென்று, பணியாளர்கள் இருக்கிறார்களா என்று கணக்கெடுத்தார்கள். இந்தியாவில் ஆசிரியர்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினரும் சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் அந்நேரத்தில் பணியிடத்தில் இல்லை. கட்டடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஊதியம் ஒழுங்காகச் செல்கிறது; ஆனால் ஆள் இல்லை. நோயாளிக்கு அது பூட்டிய கதவுதான்.

இந்நிலையை மார்க்கம் எவ்வாறு நோக்குகிறது? ஒருவரைப் பணியில் அமர்த்துவதற்கு இரு பண்புகளைத் திருக்குர்ஆன் அடையாளம் காட்டுகிறது. மத்யன் நகரத்து முதியவரின் மகள், மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்துமாறு தம் தந்தைக்குப் பரிந்துரைத்தபோது சுட்டிக்காட்டியவை அவ்விரண்டே: ஆற்றல், நம்பகம். எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை யூசுஃப் (அலை) அவர்கள் கேட்டுப் பெற்றபோதும், தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்ற இரு தகுதிகளையே முன்வைத்தார்கள். இமாம் இப்னு தைமிய்யா அவர்கள் ஆட்சி நெறி பற்றிய தம் நூலில் இவ்விரு பண்புகளையும் பொதுப் பதவிகள் அனைத்திற்கும் அடிப்படையாக வைத்து விவாதிக்கிறார்கள்.

இவ்விரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதை எந்த அலுவலகத்திலும் காணலாம். நம்பகம் இருந்து ஆற்றல் இல்லாதவர் ஒரு பைசாவும் தொடமாட்டார்; ஆனால் கோப்பு அவருடைய மேசையிலேயே தூங்கும். முடிவெடுத்தால் தவறாகிவிடுமோ என்ற அச்சத்தில், ஒவ்வொன்றையும் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியடைவார். ஆற்றல் இருந்து நம்பகம் இல்லாதவரோ, சட்டத்தின் சந்துபொந்துகள் அனைத்தையும் அறிந்திருப்பார். அவ்வறிவே அவருக்கு வருமான வழியாகும். முன்னவரிடம் மக்கள் காலத்தை இழக்கிறார்கள். பின்னவரிடம் பணத்தையும் மானத்தையும் இழக்கிறார்கள். அபூதர் (ரலி) அவர்களைப் போன்ற தூய்மையான தோழர் பொறுப்புக் கேட்டபோது, அது அமானத் என்பதை நினைவூட்டி, அச்சுமைக்கு அவர் பலமற்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். நல்லவர் என்பது மட்டும் பதவிக்குப் போதுமான தகுதியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

கண்காணிப்பை இறுக்கினால் அனைத்தும் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் அதுவும் முயன்று பார்க்கப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கிராமத் துணை சுகாதார நிலையங்களின் செவிலியர்கள் வேலைக்கு வந்த நேரத்தைப் பதிவு செய்ய இயந்திரங்கள் கொடுக்கப்பட்டன. வராத நாள்களுக்கு ஊதியப் பிடித்தம் என்று விதிக்கப்பட்டது. முதல் சில மாதங்களில் வருகை வெகுவாக உயர்ந்தது. பின்னர் உள்ளூர் சுகாதார நிர்வாகமே ‘விலக்கு அளிக்கப்பட்ட நாள்’ என்ற சலுகையைத் தாராளமாக வழங்கத் தொடங்கியது. கூட்டம், களப்பணி என்று காரணங்கள் பெருகின. ஒன்றரை ஆண்டுக்குள் திட்டம் பயனற்றுப் போனது. அதைச் சுற்றியிருந்த மனிதர்கள் விரும்பாததால் அது தோற்றது.

இதற்கு மாறான உதாரணம் பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியிலுள்ள சியாரா மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. ஜூடித் டெண்ட்லர் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட நூலில் இது பதிவாகியுள்ளது. 1987இல் அம்மாநில அரசு, வறட்சிக்கால வேலைவாய்ப்பாகத் தொடங்கிய ஒரு முயற்சியை வளர்த்து, ஆயிரக்கணக்கான எளிய பெண்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்களாக நியமித்தது. மிகக் குறைந்த ஊதியம். ஆயினும் சில ஆண்டுகளில் ஆயிரம் பிறப்புகளுக்கு 102 ஆக இருந்த குழந்தை இறப்பு 65 ஆகக் குறைந்தது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? உள்ளூர் அரசியல்வாதிகளின் பரிந்துரைக்கு இடமின்றி, நேர்காணல் நடத்தித் தகுதியானவர்களை மாநில அரசே தேர்ந்தெடுத்தது. பணியாற்றும் ஊரிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. தேர்வாகாதவர்களிடம்கூட, ‘தேர்வானவர் ஒழுங்காகப் பணி செய்கிறாரா என்று நீங்கள் கவனியுங்கள்’ என்று பொறுப்பளித்தது. சிறப்பாகப் பணியாற்றியவர்களை ஊரறியப் பாராட்டியது. விளைவாக, அப்பெண்கள் தங்கள் வேலையை வெறும் கூலியாகக் கருதாமல் கண்ணியமாகக் கருதினார்கள். தாய்மார்கள் அவர்களை நம்பிக் கதவைத் திறந்தார்கள். தகுதியறிந்த தேர்வு, மக்களின் கண்காணிப்பு, உழைப்புக்குரிய மரியாதை ஆகிய மூன்றும் சேர்ந்ததால் விளைந்த பயன் இது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிர்வாகத்தை வாசித்தவர்களுக்கு இம்மூன்றும் பழக்கமானவையே. ஆளுநரை நியமிக்கும்போதே அவருடைய செல்வத்தை அவர்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள் என்றும், ஹஜ்ஜுக் காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து மக்களின் முறையீடுகளைக் கேட்டார்கள் என்றும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கூஃபா நகர மக்கள் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றி முறையிட்டபோது, அவர்கள் சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் என்பதற்காக விசாரணை நிறுத்தப்படவில்லை. விசாரணைக்காக அனுப்பப்பட்டவர் கூஃபாவின் பள்ளிவாசல்கள்தோறும் சென்று மக்களிடமே கேட்டறிந்தார். மக்கள் அவர்களைப் புகழ்ந்தே கூறினார்கள். குறை கூறியவரின் சொல் பொய் என்பதும் வெளிப்பட்டது. விசாரணை நேர்மையான அதிகாரிக்கு இழிவாக அமையவில்லை. அவர்களுடைய நேர்மைக்கே சான்றாக அமைந்தது.

பரிசு என்ற பெயரில் வருவதைப் பற்றியும் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, பொருள்களைப் பிரித்து வைத்து, ஒரு பகுதி உங்களுக்குரியது, மற்றொன்று எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தையின் அல்லது தாயின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். இன்றைய அரசு ஊழியர் ஒவ்வொருவரும் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வரும் பெட்டிகளின் முன்னால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. ‘இந்த நாற்காலி இல்லையென்றால் இது எனக்கு வருமா?’

அதே வேளையில் நீதியோடும் பேச வேண்டும். ஊழியர்கள் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாததால் மூவர் வேலையை ஒருவர் சுமக்கும் அலுவலகங்கள் உண்டு. ஒப்பந்த ஊதியத்தில், நாளை வேலை இருக்குமா என்ற கவலையோடு பணியாற்றுவோர் உண்டு. நேர்மையாக நடந்ததற்காகவே இடமாற்றம் பெற்றவர்களும் உண்டு. தென்னிந்தியப் பாசனத் துறை பற்றி ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட கட்டுரை, இடமாற்றத்திற்கே விலை பேசப்படுவதை விவரித்தது. பணம் கொடுத்து வந்த இடத்தில் அப்பணத்தை மீட்கவேண்டும்; அதை விவசாயியிடமிருந்தே மீட்கவேண்டும். அந்தச் சங்கிலியில் கீழே இருப்பவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

2013ஆம் ஆண்டு டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடிமைப் பணி அதிகாரிகளுக்கு ஓரிடத்தில் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும் என்றும், வாய்மொழி உத்தரவுகள் எழுத்தில் பதிவாக வேண்டும் என்றும் கூறியது இதனால்தான். அடிக்கடி இடமாற்றப்படும் அதிகாரிக்குத் தம் பகுதியின் வாய்க்காலும் தெரியாது, மக்களும் தெரியாது. எழுதப்படாத உத்தரவுக்கு எவரும் பொறுப்பேற்பதுமில்லை. நல்ல ஊழியர் தழைக்க நல்ல அமைப்பும் வேண்டும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஊழியரின் கையைக் கெடுப்பது பல நேரங்களில் நம் கையே. ‘பட்டா மாறுதலுக்கு இவ்வளவு’, ‘வாரிசுச் சான்றிதழுக்கு இவ்வளவு’ என்று தரகர் சொன்னவுடன், விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே பணத்தை எடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவியுள்ளது. கேட்டால், ‘நம் உரிமையைப் பெறத்தானே கொடுக்கிறோம், பாவம் வாங்குபவருக்குத்தான்’ என்று ஃபிக்ஹுச் சட்டம் பேசப்படுகிறது. ஃபுகஹாக்களில் பலர் அவ்வாறு அனுமதித்தது உண்மைதான். ஆனால் அவர்கள் வகுத்த எல்லைகளை நாம் மறந்துவிடுகிறோம். அது ஐயமின்றி நம்முடைய உரிமையாக இருக்க வேண்டும். வேறு வழி இருக்கக்கூடாது. அதனால் பிறர் உரிமை பறிபோகக்கூடாது. வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் கைம்பெண்ணின் கோப்பைக் கீழே தள்ளி நம் கோப்பை மேலே ஏற்றுவதற்குக் கொடுக்கும் பணம் இந்த அனுமதிக்குள் எப்படி அடங்கும்? வழிகள் திறந்திருக்கும்போது அவற்றைத் தட்டிக்கூடப் பார்க்காமல், ‘நிர்ப்பந்தம்’ என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கையூட்டு கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் காவல்துறைக்கோ உரிய விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்தில், ‘என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, யாரிடம் எத்தனை நாளாக இருக்கிறது’ என்று கேட்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இப்படி ஒரு கடிதம் வந்தவுடனேயே உறங்கிய கோப்பு எழுந்து நடப்பது உண்டு. ஏனெனில், தாமதத்திற்குப் பெயரும் நாளும் குறிக்கப்பட்டுவிடுகின்றன.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. மேசைக்கு முன்னால் நின்று குறை கூறுவதோடு, மேசைக்கு அப்பால் அமரவும் நம் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப் பணியில் 3 விழுக்காடும், வெளியுறவுப் பணியில் 1.8 விழுக்காடும், காவல் பணியில் 4 விழுக்காடும் மட்டுமே இருந்ததைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. தொகுதி நான்கு தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. கிராம நிர்வாக அலுவலர் பணியும் இத்தேர்வின் வழியாகவே நிரப்பப்படுகிறது. தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெறுவது கட்டாயம். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்த பெருமையில், பிள்ளை தமிழில் பிழையின்றி ஒரு விண்ணப்பம் எழுதுமா என்று நாம் பார்ப்பதில்லை. வெளிநாட்டு வருமானத்தை மட்டும் நம்பி, ‘சர்க்கார் வேலை நமக்கெங்கே கிடைக்கும்’ என்று முயலாமலே ஒதுங்குவது சரியன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நம் பிள்ளை அலுவலகத்தில் அமர்வது நம் காரியம் விரைவாக நடப்பதற்கு அன்று. ‘நம்மாள் இருக்கிறார், சொன்னால் முடித்துக் கொடுப்பார்’ என்று ஜமாஅத்தார் அவரை நெருக்குவது, அவருடைய அமானத்தைக் களவாடுவதற்குச் சமம். அவர் அனைத்துச் சமயத்தாருக்கும் ஊழியர். தம் உறவினருக்கும் அறிமுகமில்லாத ஏழைக்கும் ஒரே வரிசை, ஒரே சொல் என்று நடந்தால், ஆயிரம் மேடைப் பேச்சுகளைவிட அதுவே இம்மார்க்கத்திற்குச் சிறந்த சாட்சியாக அமையும். பெற்றோரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மகனுக்கு அரசு வேலை கிடைத்தவுடன் ‘மேல் வரும்படி எவ்வளவு’ என்று கேட்கும் உறவினரை வாப்பாவும் உம்மாவும் முகம் சுளித்து நிறுத்தினால், பாதி ஊழல் வீட்டு வாசலிலேயே தடுக்கப்படும்.

மஹல்லாக்கள் செய்யக்கூடியவை எளியவை. வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில், படித்த இளைஞர்கள் இருவர் அமர்ந்து விண்ணப்பங்களைப் பிழையின்றி எழுதிக் கொடுக்கலாம். பெயர் எழுத்துகள் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக உள்ளனவா என்று சரிபார்க்கலாம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு வரவேண்டாம் என்று பெண்களுக்கும் முதியோருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். தாமதமானால் தகவல் உரிமை மனு எழுதித் தரலாம். சமயம் பாராது ஊரார் அனைவருக்கும் இவ்வுதவியைத் திறந்து வைக்கலாம். தரகரின் தேவை தானாகக் குறையும்.

கடைசியாக ஒன்று. தீய ஊழியரைப் பற்றிப் புகார் எழுதும் நாம், நல்ல ஊழியரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவதில்லை. நள்ளிரவில் பிரசவம் பார்த்த செவிலியர், முதியோர் உதவித்தொகை மனுவைத் தாமே திருத்தி அனுப்பிய எழுத்தர், மழையில் வந்து மின்கம்பியைச் சீராக்கிய பணியாளர் ஆகியோரைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுத எவ்வளவு நேரமாகும்? மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்பதை மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சியாராவின் எளிய பெண்களை ஊக்கப்படுத்தியதும் இந்த ஊரறிந்த பாராட்டுதான்.

மேசையின் இரு பக்கங்களிலும் அமானத் இருக்கிறது. அப்பால் இருப்பவரிடம் மக்களின் உரிமை அமானத். இப்பால் நிற்கும் நம்மிடம் அவருடைய நேர்மை அமானத். இரண்டையும் பேணுகின்ற நன்மக்களாக வல்ல இறைவன் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.